'இஸ்'ஸா, 'ஆர்'ரா?

கேள்வி: 'ஒன் ஆஃப் தி டிரெயின்ஸ்' என்று ஆரம்பித்தால் 'இஸ் லேட்' போடுவதா, 'ஆர் லேட்' போடுவதா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: சென்னை, திருத்தணி, செங்கல்பட்டு, காட்பாடி என நாலு பக்கமும் ரயில் வந்து கூடும் ஊரில் இருந்துகொண்டு, ஒரே ஒரு ரயில்தான் லேட் என்று நம்புகிறீர்களே, அதற்கே பாராட்டு! 'இஸ்'தான் சரி. தாமதமானது 'ஒன்', 'ஆஃப் தி டிரெயின்ஸ்' அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்கிறது. நாம் தடுமாறுவதற்குக் காரணம், சொல் நிற்கும் இடம். தமிழில் 'ரயில்களில் ஒன்று தாமதமாக வருகிறது' என்கிறோம். கூட்டம் முன்னால் போய்விட, 'ஒன்று' வினையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ கூட்டம் நடுவில் புகுந்து, 'ஒன்'னை வினையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று பலர் பன்மையை விழுங்குவதும், 'என் நண்பர் ஒருவர்' என்று நாம் ஒருமையில் சொல்லும் பழக்கத்தால்தான் என்பது என் கணிப்பு.

அப்படியானால் 'ஆஃப்'க்குப் பின்னால் வருவதைப் பார்க்கவே வேண்டாமா என்று மடக்குவீர்கள். சில இடங்களில் பார்த்தே ஆகவேண்டும்: 'சம் ஆஃப் தி லக்கேஜ் இஸ்', ஆனால் 'சம் ஆஃப் தி பாக்ஸஸ் ஆர்'. 'சம்', 'ஆல்', 'மோஸ்ட்' ஆகியவற்றுக்குச் சொந்தமாக ஒருமை பன்மை கிடையாது. பின்னால் வருபவரிடம் கடன் வாங்கும். பின்னால் பன்மை வந்தால் 'நன்' இரண்டு கட்சியிலும் இருக்கும், எதைப் போட்டாலும் தவறில்லை. இங்கிலாந்துக்காரர்களே பேச்சில் 'ஒன்'னிடம் சறுக்குவதுண்டு. தேர்வுத்தாளில் மட்டும் அவர்களைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.