போர்டில் பாதித் தீர்ப்பு

கேள்வி: ஏ.சி. பாதியில் நிற்கிறது, கழிவறையில் தண்ணீர் இல்லை, கேட்டால் ‘மேனேஜரைப் பாருங்க’ என்கிறார்கள். எங்கள் ஊர் தியேட்டர் திருந்துமா?

பதில்: டிக்கெட்டில் லாபம் வந்தால் திருந்தும். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசின் உச்சவரம்பு உண்டு. பெரிய படமென்றால் முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். முதலாளிக்குக் கைகொடுப்பது கேன்டீனும் பார்க்கிங்கும்தான். பணம் புரளும் இடத்தில்தானே கவனிப்பும் இருக்கும்? அதனால்தான் பாப்கார்ன் கவுன்ட்டர் பளபளக்கிறது, கழிவறைத் தாழ்ப்பாள் கயிற்றில் தொங்குகிறது.

‘பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள்’ என்பார்கள். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டென்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொன்னது உண்மைதான். ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. முதல் பாதி மட்டும் வாசலில் போர்டாகத் தொங்குகிறது. மறுபாதிக்குப் பெயின்ட் தீர்ந்துவிட்டது போலும். ‘ஓ.டி.டி. வந்து நாங்களே நஷ்டத்தில் ஓடுகிறோம்’ என்ற புலம்பலும் பொய்யல்ல. அப்படியானால் வீட்டு சோபாவை விட்டு எழுந்து வந்தவரை அல்லவா தாங்க வேண்டும்?

டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, நீங்கள் தியேட்டரில் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை. குடும்பத்தோடு பாப்கார்ன் சாப்பிட்டிருந்தாலும் அநேகமாக வரம்புக்குள்தான் வரும்.