கூலியில்லாத் தறி

1986-இல் ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டில், உலகைக் காக்க வந்த வீரனுக்கு முதல் வேலை ஊருக்கு வெளியே ஸ்லைம் அடிப்பது. ஸ்லைம் என்பது நீல நிறத்தில் கொழகொழவென்று சிரித்துக்கொண்டு நிற்கும் அப்பிராணி. ஒன்றை அடித்தால் ஒரு அனுபவப் புள்ளி. ஏழு சேர்ந்தால் இரண்டாம் லெவல். கடைசி லெவலான முப்பதுக்கு 65,535 புள்ளி வேண்டும். இளவரசி குகையில் சிறைப்பட்டிருக்கிறாள். இருக்கட்டும், அவளுக்கு என்ன அவசரம்?

இப்படி அடித்து அடித்தே புள்ளி சேர்ப்பதற்கு கிரைண்டிங் என்று பெயர். ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீட்டுப் பையன் ஒருவன் இதில் கைதேர்ந்தவன். பின்னால் குழித்தறியில் அப்பா நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிக்கொண்டிருக்க, மகன் போனில் அதே பூதத்தை அதே புதரருகே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தான். பார்த்துப் பார்த்து ஆயாவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாடா, அதையே அடிச்சிகினு கீற?”

“பலம் ஏறும் ஆயா.”

“கூலி?”

“கூலியெல்லாம் இல்ல.”

“அப்ப உன்ன எவன்டா நெய்யச் சொன்னது?”

பையன் வெறும் அடிதடிக்காரன் அல்ல, திட்டக்காரன். நெருப்புக்கு எது ஆகாது, மின்சாரத்துக்கு எது அடங்கும் என்று நோட்டு போட்டு எழுதி வைத்திருக்கிறான். பள்ளிக்கூட நோட்டு அத்தனை அடர்த்தியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தத் திட்டங்களில் தலையாயது மேஜிகார்ப். 1996-இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் விளையாட்டிலேயே இருக்கும் கெண்டைமீன் அது. ஒரு வியாபாரி 500 காசுக்கு நம் தலையில் கட்டுவான். பதினைந்தாம் லெவல் வரை அதற்குத் துள்ள மட்டுமே தெரியும். துள்ளினால் எதுவும் நடக்காது. ஆனால் இருபதாம் லெவலில் கியாரடோஸ் என்ற கொடும்பாம்பாக மாறிவிடும். அதற்கு 10,000 புள்ளி. உத்தி இதுதான்: மீனை முதல் ஆளாகக் களத்தில் இறக்கி, எதிரி கண்ணில் பட்டதும் பின்வாங்கி, பலசாலி ஒருவனை அனுப்பி அடிக்க வைக்க வேண்டும். மீன் தலையைக் காட்டியதற்கே பாதிப் புள்ளி வந்து சேரும். இந்த உத்தியை ஜப்பான்காரன் கண்டுபிடித்ததாகச் சொன்னால் நம் ஊர்த் திருவிழாக் கமிட்டிகள் கோபித்துக்கொள்ளும்.

திட்டம் முற்றினால் கஞ்சத்தனம். ‘ஃபைனல் ஃபேன்டஸி’ விளையாட்டுகளில் எலிக்ஸர் என்ற மருந்து, இழந்த பலத்தையும் மந்திர சக்தியையும் முழுதாக மீட்டுத் தரும். சுலபத்தில் கிடைக்காது. கடைசி அரக்கனுக்காகும் என்று சேர்த்து வைப்பார்கள். கடைசி அரக்கனும் செத்துவிடுவான், மருந்து அப்படியே இருக்கும். முகூர்த்தப் பட்டை ‘விசேஷத்துக்கு’ என்று பீரோவில் வைத்து சரிகை கறுக்கவிட்ட ஆயா மட்டும் இதை உடனே புரிந்துகொண்டாள்.

இந்தக் கிரைண்டிங்கைப் பார்த்து விளையாட்டைத் தயாரிப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. 1999-இல் வந்த எட்டாம் ‘ஃபைனல் ஃபேன்டஸி’யில் நாம் லெவல் ஏறினால் எதிரியும் கூடவே ஏறுவான். 2006-இன் ‘ஆப்ளிவியன்’ இன்னும் விசேஷம். வீரன் வளர வளர வழிப்பறித் திருடர்களும் வளர்ந்து, கடைசியில் விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் பூண்டு வந்து நூறு காசு கேட்பார்கள். கவசத்தை விற்றாலே அவர்கள் திருந்தி வாழலாம்.

ஃபேஸ்புக் விளையாட்டுகளில் நடந்த இதே மாதிரிக் கூத்தை நையாண்டி செய்ய இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் 2010-இல் அங்கேயே ஒரு மாட்டை நிறுத்தினார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டலாம், அவ்வளவுதான் ஆட்டம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் தட்டினார்கள். மறுவருடம் அவர் மாடுகளையெல்லாம் மறையச் செய்தார். காலி இடத்தையும் சிலர் தட்டினார்கள்.

அதற்கும் முன்பே, 2002-இல், எரிக் ஃபிரெட்ரிக்சன் என்பவர் ‘புரோக்ரஸ் குவெஸ்ட்’ எழுதிவிட்டார். வீரனுக்குப் பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். சண்டை, சம்பாத்தியம், லெவல் எல்லாம் தானே நடக்கும். பையன் இதை ஆயாவிடம் அதிசயமாகச் சொன்னான்.

“அட, விசைத்தறி!” என்றாள் ஆயா.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையால் அடிக்காத ஸ்லைம் ஒரு ஸ்லைமா? சில துணி ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. ஸ்லைமையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு எழுத, நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருக்கிறான்.