எங்கே ஒதுங்குவது?

கல்பாக்கத்தில் காபி நன்றாக இருக்குமா என்று கேட்டவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முந்தாநாள் ராத்திரி, பதினொரு மணிக்கு மேல், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். கேட்டதுகூடப் பரவாயில்லை, கீழே நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அணு உலை ஓடும் கரை அது. எதிரே கடலில் போய்க் கயாக் படகின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பினால் காபி தருவார்களோ இல்லையோ, உட்காரவைத்து நிறையக் கேள்வி கேட்பார்கள். அதை விளக்கி நான் எழுதியதற்கு வந்த பதில்: "அப்போ சதுரங்கப்பட்டினத்திலேயே குடிச்சிட்டுக் கிளம்பிடலாமா சார்?"

கோவளத்திலிருந்து புதுச்சேரி வரை கடலோரமாகவே துடுப்புப் போட்டுப் போவது என்று திட்டம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கயாக் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். முற்பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குக் கடற்காற்று எழுந்துவிடும். அதற்குள் கரையேறிவிட வேண்டும். விடியும்போது இறங்கினால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். ஆக, எங்கே இறக்குவது, எங்கே ஏற்றுவது, நடுவில் எங்கே ஒதுங்குவது என்று ஒரு தாளில் எழுத ஒரு சாயங்காலம் போதும். அந்தச் சாயங்காலம் போன வருஷம் தொடங்கியது. இன்னும் இருட்டவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான்: அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கயாக்கை எப்போது தள்ள வேண்டும் என்பது. அதற்கு வருகிறேன்.

நமக்கு ஊர் என்பது இரண்டு ஓட்டல்களுக்கு நடுவில் இருப்பது. திருச்சிக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார். டிபனுக்கு எங்கே நிறுத்தப்போகிறாய் என்பதுதான் கேள்வி. பதில் சொன்னால் உடனே முகம் சுருங்கும். "அங்கயா? இப்ப முன்ன மாதிரி இல்லப்பா." முன்னே எந்த மாதிரி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சாலையில் இப்படி இருந்துவிட்டுப் போகட்டும், கடலில் இறங்கினால் திருந்துவோம் என்று நான் நம்பினேன்.

பேங்க்கில் ஓய்வு பெற்ற ஒருவர் எக்செல் தாள் தயாரித்தார். மொத்தம் பதினேழு பத்தி. ஊர், கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு எவ்வளவு தூரம், சாலையிலிருந்து ஓட்டல் எவ்வளவு தூரம், சைவமா, பொங்கல் எத்தனை மணி வரை, சட்னி எத்தனை வகை. கடைசிப் பத்தியின் தலைப்பு 'அலை'. அது மட்டும் மேலிருந்து கீழே வரை வெள்ளையாக இருக்கிறது. எந்த மாதம் போவது என்ற விவாதத்திலும் இதே கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் குறுக்கே வராது என்று ஒருவர் சொன்னார். உருப்படியான யோசனை. "அப்ப மீன் விலை ஏறிடுமே" என்ற ஒற்றை வரியில் அது விழுந்தது.

இதற்கெல்லாம் காரணம் இந்தத் தலைமுறை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் குழுவில் இருக்கும் ஒரு தமிழாசிரியர். நம் பாதை எந்த நாட்டின் வழியாகப் போகிறது தெரியுமா என்றார். செங்கல்பட்டு மாவட்டம் என்றேன். இல்லையாம், இடைக்கழிநாடாம். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர். 269 அடிகளில் ஒரு பாணனுக்கு வழி சொல்கிறார்: ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போ, பரிசு கிடைக்கும். நல்லது. வழி எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். முதலில் எயிற்பட்டினம், அது இன்றைய மரக்காணம்தான் என்கிறார்கள். அங்கே பரதவர் சுட்ட குழல்மீன் தருவார்கள். கூடக் குடிக்கவும் ஏதோ உண்டு, அதை ஆசிரியர் இருமிக்கொண்டே தாண்டிவிட்டார். அடுத்து வேலூர், வேடர் வீடு. புளி போட்டு ஆக்கிய சூடான சோறு, ஆமான் கறி. அடுத்து ஆமூர், உழவர் வீடு. வெள்ளைச் சோறு, நண்டுக் கறி. கடைசியில் அரண்மனை. வீமன் எழுதிய சமையல் நூலில் உள்ளபடி சமைத்து, பொற்கலத்தில் இட்டு, அரசனே பக்கத்தில் நின்று சாப்பிடவைப்பான்.

நடுநடுவே பூக்களைப் பற்றியும் சொல்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாழிகை? தண்ணீர் எங்கே நிரப்பிக்கொள்வது? யாழைத் தூக்கிக்கொண்டு, பசித்த குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு நடக்கும் பாணன் இருட்டிவிட்டால் எங்கே படுப்பான்? மூச்சு இல்லை. நண்டு மட்டும் உறுதி. இதுவும் ஒரு எக்செல் தாள்தான், அசைபிரித்து எழுதியிருக்கிறது. இதை நான் குழுவில் சொன்னது தவறாகப் போய் முடிந்தது. எயிற்பட்டினம் மீன் இப்போது எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள். ஆமூர் எங்கே என்று ஒருவர் கேட்டார். அது உள்நாடு, கயாக்கில் போகமுடியாது என்றேன். "ஆட்டோ பிடிச்சா?" என்றார். சைவக்காரர் ஒருவர், நான்கு நிறுத்தத்திலும் தனக்கு ஒன்றுமில்லை என்று வருத்தப்பட்டு, புளிச்சோற்றை மட்டும் தனியாகத் தருவார்களா என்று ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் பதினைந்து நிமிடம் யோசித்து, உரையாசிரியர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் எழுதினார். வீமனின் சமையல் நூல் அச்சில் கிடைக்கிறதா என்பது தனி இழையாக இப்போதும் ஓடுகிறது.

சரி, கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் ஒதுங்குவதற்கு வளைவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வடக்கிலிருந்து தெற்கே ஒரே கோடு, நேரே வங்கக் கடல். வரைபடத்தில் ஆற்று முகத்துவாரம் அழகாகத் திறந்திருக்கும். செயற்கைக்கோள் அந்தப் படத்தை எடுத்தது எந்த மழைக்குப் பிறகோ! முட்டுக்காட்டில் கோடைக்குப் போய் நின்றால் வாயை மணல் மூடியிருக்கும். பாலாறு கடலைச் சேரும் இடமும் நம்பத் தகுந்ததல்ல; வாய் திறந்திருந்தாலும் மணல்திட்டின் மேல் அலை கண்டபடி உடையும். ஆலம்பரைக் கோட்டைப் பக்கத்து உப்பங்கழிதான் இந்தப் பாதையில் எனக்குப் பிடித்த இடம். 1760இல் ஆங்கிலேயர் இடித்துப் போட்ட கோட்டை, உள்ளே அடங்கிய தண்ணீர். எக்செல் தாளில் அதற்குச் சிவப்பு வண்ணம், பக்கத்தில் பொங்கல் இல்லையாம்.

புதுச்சேரியில் காந்தி சிலைக்கு நேரே போய் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாருடைய ஆசை. அந்தக் கரையோரம் பாறைகள்; அவற்றை நான் போடவில்லை. 1980களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவரை நீட்டினார்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அது சுவரிலேயே நின்றுவிட்டது. ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் தின்றது, தின்ற இடத்தில் கல்லைக் கொட்டினார்கள். பிறகு கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள் என்றாலும், அலையோடு வரும் ஐந்து மீட்டர் கயாக்குக்குக் கல் பக்கத்தில் இருந்தாலே போதும். கடலுக்குள் கல்லை நீட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊர் எல்லாவற்றிலும் இந்தக் கதைதான்: தெற்கே மணல் சேரும், வடக்கே இருப்பவன் வீடு போகும். அவனும் ஒரு வளைவு கேட்பான்.

கல் போடாத குப்பங்களில் கரையேறுவதற்கு இந்தத் தொல்லையே இல்லை. காலையில் ஃபைபர் படகுகள் வந்து, வலை உதறி, ஏலம் நடக்கும் நேரத்தில் குறுக்கே போய் விழாமல் இருந்தால் போதும். நாம் கேட்பதற்கு முன்பே நாலு பேர் ஓடிவந்து கயாக்கைத் தூக்குவார்கள். "இன்னா சார், என்ஜின் இல்லியா?" என்று பரிதாபப்படுவார்கள். துடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ வாங்கித் தருவார்கள். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

குழுவில் ஒரே ஒரு பெண். உண்மையில் துடுப்புப் போடத் தெரிந்தவரும் அவர் மட்டும்தான் என்று எனக்குச் சந்தேகம். பதினேழு பத்தியையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "பாத்ரூம் எந்தப் பத்தியில் சார் இருக்கு?" என்றார். அன்றைக்குத்தான் அந்தக் குழு முதல்முறையாக நாள் முழுக்க அமைதியாக இருந்தது. மறுநாள் காலை ஒருவர் வெண்பொங்கல் படம் போட்டார், எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

ஒத்திகைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து தெற்கே கொஞ்சம் போனோம். காற்று சீக்கிரமே கிளம்பிவிட்டது, கிடைத்த மணலில் ஏறினோம். ஏறிய இடத்துக்குப் பின்னால் ஒரு ரிசார்ட்டின் மதில், மதிலுக்கு முன்னால் அவர்களுடைய சாய்வு நாற்காலிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் முழுக்க இப்படித்தான். கடல் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேனைக் காட்டுகிறார்கள். அலை வந்து போகும் ஈர மணல் அரசாங்கத்துடையது. கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இல் மாற்றினார்கள், 2019இல் மறுபடியும் மாற்றினார்கள். எந்த வருஷத்து அறிவிக்கையிலும் சாய்வு நாற்காலிக்குப் பட்டா கொடுத்ததாக நான் படிக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதிக்கிறது, தமாஷுக்குச் சொல்லவில்லை.

விசில் ஊதிக்கொண்டு காவலாளி ஓடிவந்தார். வயதானவர், வெயிலில் பாவம்.

"எந்த கேட் வழியா வந்தீங்க?"

"கடல் வழியா வந்தோம்."

"அப்படியெல்லாம் வரக் கூடாது சார். மெயின் கேட்டுல என்ட்ரி போட்டுட்டுத்தான் வரணும்."

நான் 1991இலிருந்து ஆரம்பித்தேன். அவர் 2011 வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, நாற்காலி ஒன்றின் மேல் விரித்தார். பெயர் எழுதியாயிற்று. வண்டி எண் என்ற பத்தியில் கொஞ்சம் தயங்கி, கயாக்கை ஒருமுறை சுற்றிவந்து, 'மஞ்சள்' என்று எழுதினார். அடுத்த பத்தி, யாரைப் பார்க்க.

"பாத்ரூம்" என்றார் அந்தப் பெண்.

எழுதிக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்: "ரூம் நம்பர் சொல்லுங்கம்மா."