நெட்டா நாலு மணி நேரம்

டெல்லியில் விமானம் மாற ஆறரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் நமக்கெல்லாம் அலுப்பு. இவருக்கு அது கேட்காமல் வந்த போனஸ். இவர் எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே என்பதற்காகப் பெரியப்பா என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் ஆடிட் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், காலை விமானத்துக்கு ராத்திரியே பேன்ட் மாட்டிக்கொண்டு படுப்பவர் என்றெல்லாம் விவரித்தால் யாரையோ மனதில் வைத்து எழுதியதுபோல ஆகிவிடும்.

சக்கரம் தரையைத் தொட்டதும் போர்டிங் பாஸைத் திருப்பி, பின்பக்கம் கழித்தல் போட ஆரம்பிப்பார். "மொத்தம் ஆறரை. ஏர்றதுக்கு ஒரு மணி நேரம் கழி. செக்யூரிட்டிக்கு அரை. போக அரை, வர அரை. நெட்டா நாலு மணி நேரம் நம்ம கையில!"

இந்தக் கழித்தலில் மனிதர்கள் யாரும் வருவதில்லை. கடைசி வரிசையில் சீட்டு கிடைத்தவர்கள் விமானத்தின் வாசலுக்கு வந்து சேரும் நேரம் கிடையாது. மூன்றாம் முனையத்தின் முடிவில்லாத நடை கிடையாது. பெரியம்மாவின் முழங்கால் கிடையாது. கழிவறை என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஒன்றாம் முனையத்தில் இறங்கி மூன்றாம் முனையத்தில் ஏற வேண்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும் என்பதும் கிடையாது. "ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவுல ரெண்டுதானே இருக்கு" என்பார்.

விமான நிலையத்திலிருந்து புதுடெல்லி ஸ்டேஷனுக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ ஓடுகிறது. 2011-ல் வந்தது. சுமார் இருபது நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், பொய்யில்லை. பெரியப்பா அந்த இருபது நிமிஷத்தை மட்டும் எழுதிக்கொள்வார். பையை எக்ஸ்ரேயில் தள்ள ஒரு வரிசை, ஆம்பளைக்குத் தனியாகப் பொம்பளைக்குத் தனியாகத் தடவிப் பார்க்க ஒரு வரிசை, ஆளுக்கொரு வாசலில் வெளியே வந்து ஒருவரையொருவர் தேடுவது, இதெல்லாம் எதில் சேரும் என்று கேட்டேன். "அது ஸ்டேஷன் டைம்ப்பா. நான் சொன்னது ரயில் டைம்" என்றார். இப்படி எத்தனை கிளை மேலாளர்களை அழ வைத்திருப்பாரோ!

ஆனால் இவருடைய உண்மையான திறமை கழிப்பதில் இல்லை, மிச்சம் பிடிப்பதில் இருக்கிறது. டெல்லியில் எது மூடியிருந்தாலும் இவருக்கு லாபம். திங்கட்கிழமை போய் இறங்கினால் செங்கோட்டை கிடையாது, தாமரைக் கோயில் கிடையாது, அக்ஷர்தாம் கிடையாது. வேறு யாராயிருந்தாலும் முகம் வாடும். இவர் மூன்றையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு டைம் மிச்சம்!" என்று குதுப் மினாருக்கு டாக்ஸி பிடிப்பார். மகிபால்பூரில் வண்டி நின்றுவிட்டால் டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். அது டிராஃபிக் டைம்.

குதுப் மினார் 72.5 மீட்டர் உயரம், உள்ளே 379 படி. மேலே ஏற 1981-லிருந்து அனுமதி இல்லை. பெரியப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏற விட்டிருந்தா ஒரு மணி நேரம் போயிருக்கும்" என்று அதையும் வரவில் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்திலேயே இரும்புத் தூண். குப்தர் காலத்தது, ஆயிரத்து அறுநூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, துருவேறி அரிக்கவில்லை. அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாம். அது மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறதாம். முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கோத்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் முண்டியடித்தார்கள். தேய்ந்துபோகிறது என்று 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள். "வேலி இல்லேன்னா இங்க ஒரு க்யூ நின்னுருக்கும். இருபது நிமிஷம் மிச்சம்" என்றார் பெரியப்பா. பெரியம்மா அங்கிருந்த கல் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே சொன்னார்: "ஆயிரத்து அறுநூறு வருஷமா ஒரே எடத்துல நிக்குது. அதை யாரும் கெளம்பு கெளம்புன்னு சொல்லலை பாரு."

சாப்பாட்டு விஷயத்தை நீட்ட வேண்டாம். சாந்தினி சௌக் பராத்தாவைப் பற்றி வழியெல்லாம் பேசுவார். கூட்டிப்போய் நிறுத்துவது கனாட் பிளேஸ் சரவண பவனில்.

இன்றுவரை இவர் ஒரு விமானத்தையும் தவறவிட்டதில்லை. அதுதான் சங்கடம். ஒன்றே ஒன்றை விட்டிருந்தாலும் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். புறப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம் முன்னால் கேட்டை மூடுகிறார்கள் என்றால், இவர் இருபத்தாறாவது நிமிஷத்தில் சட்டை கசங்காமல் உள்ளே நுழைவார். பின்னால் நாங்கள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவோம். "நெட்டா ஒரு நிமிஷம் மிச்சம்."

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் எல்.டி.சி என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் ஊர் பார்க்கவில்லை. பிள்ளைகள் படிப்புக்கென்று காசாக்கிக்கொண்டார். மதுரைக்கு வடக்கே அவர் பார்த்ததெல்லாம் மண்டல அலுவலகங்கள்தான். முதல் விமானமே ஓய்வுக்குப் பிறகு. டெல்லியை நாலு மணி நேரத்துக்குக் கையில் கொடுத்தால் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா?

சரி. ஆனால் பெரியம்மாவும் அதே வீட்டில்தானே இருந்தார்? அவருக்கும் அதுதானே முதல் விமானம்? அவர் கேட்டது இரண்டு. கண்ணாடிச் சுவர் பக்கம் உட்கார்ந்து, விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய் முருகனைப் பார்க்க வேண்டும். முதலாவதுக்கு "இதுக்கா டெல்லி வரைக்கும் வந்தோம்?" என்றார் பெரியப்பா. இரண்டாவதுக்கு "நடை சாத்தியிருந்தா? கோயில்ல டைம் நம்ம கையில இல்ல" என்றார். மூடியிருப்பதையெல்லாம் மிச்சத்தில் சேர்ப்பவர், முருகன் மூடியிருந்தால் மட்டும் நஷ்டக் கணக்கு எழுதுகிறார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறரை மணி நேரத்தில் பாதி பெரியம்மாவுடையது. அதை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. புளியோதரைப் பொட்டலம் குதுப் மினார் வரை போய்விட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது.

இப்போது ஸ்ரீநகர் கிளம்புகிறார்கள். டெல்லியில் இரண்டு மணி நேரத்தில் மாறிப்போகிற விமானம் இருந்ததாம். "நெட்டா ஒண்ணுமே தேறலை" என்று தள்ளிவிட்டு, வேறொன்றைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். நடுவில் ஏழரை மணி நேரம். ஏழரை என்றதும் சின்ன அத்தை, "அண்ணே, கெளம்புறதுக்கு முன்னாடி திருநள்ளாறு ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க" என்று எழுதினார்.

பெரியப்பா உடனே பதில் போட்டார்: "போக வர எவ்வளவு நேரம் ஆகும்?"