எங்கள் மொறிஸ் மைனர் எந்தக் கிளாஸ்?

ரொறன்ரோவில் என் மருமகன் ஓட்டோகுரொஸ் ஓடுகிறவன். வெறுமையான கார்த் தரிப்பிடத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக வளைத்து வளைத்து ஓடவிட்டு நேரம் பிடிப்பார்களாம். ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு செக்கன் தண்டம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் இதை நாங்கள் அன்றாடம் செய்கிறோம். கூம்புக்குப் பதிலாக மாடு, ஓட்டோ, மரக்கறிச் சாக்கு. தண்டம் செக்கனில் அல்ல, வசவில்.

லீவில் வந்தவன் அப்பாவின் மொறிஸ் மைனரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கேட்டான்: "மாமா, இது எந்தக் கிளாஸ்?"

"முதல் கிளாஸ்" என்றேன்.

கேள்வி அதுவல்லவாம். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தின் விதிப்படி, கொம்பனி தந்தபடியே இருக்கும் கார் 'ஸ்ட்ரீட்' பிரிவில் ஓடும். ஸ்பிரிங்கை மாற்றினாலே அங்கிருந்து வெளியேற வேண்டியதுதான். மிக அதிகமாக மாற்றிய பாகம் எதுவோ, அது முழுக் காரையும் தன்னோடு மேல் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போகும். உச்சத்தில் இருப்பது 'மொடிஃபைட்'.

போனைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினான். பின் ஸ்பிரிங் பிளேட்டுகளில் ஒன்று லொறியுடையது. முன் சீற்றுகள் ஒரு வானில் இருந்தவை. எஞ்சின் டட்சன்.

"பெற்றோலைத் தவிர வேற எரிபொருள் பாவிச்சனீங்களோ?"

"ஓம், மண்ணெண்ணெய்."

"ஆர் மாத்தினது?"

"அரசாங்கம்."

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது ஸ்டார்ட் பண்ணுவதற்கான சில துளிகள் மட்டுந்தான். அதைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அப்பாவின் 948 சீசீ எஞ்சின் அதைக் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது, அதைக் குடிக்க எஞ்சின் இல்லை. டட்சன் வந்த கதை அதுதான்.

நான் விடவில்லை. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமாய் இருக்கிறதென்று அதை நெடுக்காகப் பிளந்து 4 அங்குலம் அகட்டினவர். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த ஒட்டுவேலைதான். 1948இல் காட்சிக்கு வந்தபோது, முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, துண்டு வைத்து மூட்டியிருந்தார்கள். 1952இல் ஆஸ்டினோடு கூட்டுச் சேர்ந்ததும் ஆஸ்டினின் 803 சீசீ எஞ்சினையே இதற்குள் இறக்கினார்கள். பிறக்கும்போதே 'மொடிஃபைட்' ஆன காரை நான் எங்கே கெடுத்தேன்?

"அது கொம்பனி செய்தது மாமா. நீங்கள் கொம்பனியோ?"

தீர்ப்பு வந்தது: மொடிஃபைட். பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகளோடு எங்கள் மைனர்! என் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"ஆனா அவங்கள் மாத்துறது வேகமாய் ஓட" என்றான் மருமகன். "நீங்கள்?"

"ஓட."

தேத்தண்ணியோடு வந்த மனைவிக்கு இந்தத் தீர்ப்புப் பிடிக்கவில்லை. ஒரு பாகத்துக்காக முழுக் காரையும் தூக்கி ஒரு வகுப்பில் போடுவது என்ன நியாயம்? 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றிய எங்கள் யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டம், தேசவழமை, இதைவிடத் தெளிவு என்றாள்.

"தம்பி, கார் இவற்ர அப்பா விட்டிட்டுப் போனது. அது முதுசம். முன் சீற் ரெண்டும் என்ர ஐயா தந்த காசில போட்டது. அது சீதனம். எஞ்சின் கலியாணத்துக்குப் பிறகு வாங்கினது. அது தேடிய தேட்டம், அதில அரைவாசி எனக்கு. இவர் எந்தப் பந்தயத்துக்கும் போகட்டும். என்ர சீற்றும் என்ர பாதி எஞ்சினும் வராது."

"பாதி எஞ்சினோட எப்பிடி மாமி ஓடுறது?"

"இப்ப மட்டும் என்னவாம்? நாலு சிலிண்டரில ரெண்டுதானே வேலை செய்யுது. அந்த ரெண்டும் என்ர பங்கு."