ஏழு நாய்கள் சொன்ன சாட்சி

பெண்ணுரிமையின் கதையைச் சட்டம் படித்தவர்கள் நியூயார்க்கில் தொடங்குவார்கள். நாம் பாலாற்றங்கரையில் தொடங்குவோம். இங்கே கதையில் நாய்களும் உண்டு.

ஜவ்வாது மலை மலையாளிகள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லிவந்த ஒரு கதை, எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிப் புத்தகத்தில் இருக்கிறது. (மலையாளி என்றால் மலையை ஆள்பவர், கேரளத்தில் யாரும் உரிமை கொண்டாட வேண்டாம்.) கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளர்களிடம் பெண் கேட்கிறார்கள். கிடைத்தது ஏளனம். கோபத்தில் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். போகும்போது மனைவிமாரிடம் ஓர் ஏற்பாடு: நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துப்போனோம் என்று கருமாதி செய்துவிடுங்கள்.

பாலாற்றில் வெள்ளம். பாதி ஆறு நீந்திய நாய்களுக்கு, இது நம்ம சண்டையே இல்லையே என்று ஞானம் பிறந்திருக்க வேண்டும். வந்த வழியே காஞ்சிபுரம் திரும்பிவிட்டன. ஊர் கருமாதியை முடித்தது, ஏழு பேர் விதவையானார்கள். வேடர்களை ஒழித்துவிட்டு ஆண்கள் வெற்றியோடு வந்து நின்றால், ஊர்க்கணக்கில் அவர்கள் பிணம். சாதிக்குள் இடமில்லை. அப்படியா சங்கதி என்று வேடர் பெண்களையே கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

கதையில் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. தூக்கிப்போகப்பட்டவர்கள் ஏழு பேர், விதவையானவர்கள் ஏழு பேர், அப்புறம் வேடர் வீட்டு மணப்பெண்கள். இத்தனை பேரில் ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. உயிரோடு வந்து நிற்கிற ஆளைக் காட்டி, "இவன்தானா உன் புருஷன், பாரும்மா" என்று ஒருத்தியைக் கேட்டிருந்தால் வழக்கு வாசலிலேயே முடிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. நாய்கள் சொன்ன சாட்சிக்கு அப்பீல் கிடையாது.

இதே மலையாளிகள்தான், காஞ்சிபுரத்தையே பூர்வீகமாகச் சொல்லிக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையிலும் இருக்கிறார்கள். அங்கே சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்பது சொல்வழக்கு. கீழே நாயக்கர் வந்தார், நவாப் வந்தார், கும்பினி வந்தது, காங்கிரஸ் வந்தது. மேலே ஜாகீர்தார் மட்டும் அசையவில்லை. மலைமக்கள் அவருக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். அந்த விஷயத்தில் ஆண் பெண் பேதம் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அதற்குச் சொத்து இருக்க வேண்டும் என்பது ஒரு சின்ன நிபந்தனை. சொத்தே ஜாகீர்தாருடையது என்றிருக்கிற மலையில் இந்தச் செய்தியைத் தண்டோரா போட்டிருந்தால் நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும்.

பிறகு 1948. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவில் 'எல்லா ஆண்களும்' சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்கிற தோரணையில் இருந்த முதல் வரியை, இந்தியாவின் ஹன்சா மேத்தா விடாப்பிடியாக நின்று 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தார். தலைமை நாற்காலியில் இருந்த எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாருக்கேகூட முதலில் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அதே 1948-ல் சென்னையில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கல்வராயன் மலைக்கு இரண்டும் வந்து சேரவில்லை. சாலை இருந்தால்தானே?

1975 சர்வதேசப் பெண்கள் ஆண்டு. ஜூன் 19-ல் மெக்சிகோ நகரில் ஐ.நா.வின் முதல் உலகப் பெண்கள் மாநாடு தொடங்கி, ஜூலை 2 வரை நடந்தது. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 25 இரவில், உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த பெண் பிரதமர் டெல்லியில் நெருக்கடி நிலையை அறிவித்து எல்லோர் உரிமையையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். பாரபட்சமே இல்லை, ஆண், பெண் இருவருக்கும் சமமாக. ஆனால் வரலாற்றுக்குக் குசும்பு அதிகம். அந்த நெருக்கடி நிலையில்தான், 1976-ல், கல்வராயன் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது. நாடே உரிமையை இழந்து நின்ற நேரத்தில் இந்த மலைக்கு ஒரு கவர்மென்ட் கிடைத்தது.

வாக்குச்சீட்டு அதற்குப் பிறகும் உடனே மலையேறவில்லை. 1996-ல்தான் மலைமக்களுக்கு ஓட்டு வந்தது என்று பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பெண்களின் அரசியல் உரிமைக்கென்று ஐ.நா. தனி உடன்படிக்கை போட்டது 1952-ல். இடையில் 44 வருடம்.

1979 டிசம்பர் 18-ல் பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கை நிறைவேறியது. அதன் 14-ஆம் பிரிவு கிராமத்துப் பெண்ணை நேராகவே பேசுகிறது: நிலச் சீர்திருத்தத்தில் அவளைச் சமமாக நடத்த வேண்டும். இந்தியா 1980-ல் கையெழுத்துப் போட்டது, 1993-ல் முறைப்படி ஏற்றது. ஏற்கும்போது கூடவே ஒரு வால். வழக்கங்களை மாற்றுவது, திருமணம், குடும்பம் பற்றிய பிரிவுகளில், எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகமே முன்வந்து சம்மதிக்காமல் நாங்கள் தலையிட மாட்டோம் என்றது.

எவ்வளவு பண்பான பேச்சு! ஆனால் சம்மதத்தை வாய்திறந்து சொல்வது யார்? ஊர்க்கவுண்டரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களும். தங்கைக்குப் பாகம் கொடுக்கலாமா என்று அண்ணனிடமே கேட்டு, அண்ணன் தாமாக முன்வரும்வரை காத்திருப்பது என்பது இந்திய அரசின் வெளியுறவுக் கொள்கையாகவே ஆகிவிட்டது.

வேர் இன்னும் பழையது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, மத்திய அரசு அரசிதழில் வேறுவிதமாக அறிவித்தாலொழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. பழங்குடிகளின் வழக்கத்தைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். 1989-ல் தமிழ்நாடு மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்து நாட்டுக்கே முன்மாதிரி என்று மார்தட்டியது. 2005-ல் டெல்லியும் பின்தொடர்ந்தது. சின்னசேலத்துப் பெண்ணுக்குக் கதவு திறந்தது. அதே மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைப் பழங்குடிப் பெண்ணுக்கு, "வழக்கம் என்ன சொல்லுதுன்னு கேட்டு வாம்மா" என்பதுதான் பதில்.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பழங்குடிக் குடும்பத்தின் பாகப்பிரிவினை வந்தது. நாங்கள் பழங்குடி, சட்டம் எங்களுக்கு இல்லை, அதனால் பெண்களுக்குப் பங்கும் இல்லை என்பது வாதம். பழங்குடி என்பதன் பெருமை பங்கு கேட்கும்போது மட்டும் இப்படிப் பொங்கும். நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் மசியவில்லை. பெண்களுக்குச் சம பங்கு உண்டு என்றதோடு, மத்திய அரசின் அறிவிக்கையைப் பெற மாநில அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். உச்ச நீதிமன்றமோ 2022 டிசம்பரிலேயே, இந்தப் பிரிவைத் திருத்தலாமா என்று யோசியுங்கள் என மத்திய அரசிடம் சொல்லியிருந்தது. ஆக, சமூகம் முன்வரட்டும் என்று டெல்லி, டெல்லி யோசிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம், மாநிலம் முயலட்டும் என்று உயர் நீதிமன்றம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இதில் சிரிக்க எதுவுமில்லை. அதன் பிறகுதான் கல்வராயன் மலை என்று ஒன்று இருப்பதும், அங்கே சாலையும் வேலையும் இல்லாததும் கீழே உள்ளவர்கள் கண்ணில் பட்டது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த அமர்வில் இருந்தவரும் அதே சுப்பிரமணியம்தான்.

2025 ஜூலையில் சத்தீஸ்கர் கோண்டு குடும்பமொன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. பெண்ணுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு என்று நிரூபி என்றுதான் கீழ் நீதிமன்றங்கள் கேட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் கேள்வியைத் திருப்பிப் போட்டது: கொடுக்கக் கூடாது என்கிற வழக்கம் இருப்பதாக இங்கே யார் நிரூபித்தார்கள்?

வெள்ளிமலையில் இப்போது தாலுகா ஆபீஸ் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் மனுவில் மகளின் பெயரையும் எழுதலாம். பெயர் கூடினால் கட்டணம் கூடாது.