மாட்டு மேனேஜர்

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்துக்காரருக்கு என் அம்மா வைத்த பெயர் மாட்டு மேனேஜர். கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகன் ஒருநாள், “மாட் மேனேஜர் ஓப்பனே ஆக மாட்டேங்குது பாட்டி, மூணாவது மாடி அண்ணாவைத்தான் கூப்பிடணும்” என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கற்பனை மந்தமில்லை. அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பையன் கம்ப்யூட்டர் வேலைன்னுல்ல சொன்னே? மாட்டுப் பண்ணையாமே! மொட்டை மாடியிலயா கட்டியிருக்கான்?” என்று விசாரித்தாள். நவாபின் குதிரைகள் நின்ற ‘கோடா பாக்’ என்ற தோட்டம்தான் நாளடைவில் எங்கள் கோடம்பாக்கம் ஆயிற்று என்று ஒரு பெயர்க்காரணம் சொல்வார்கள். குதிரை நின்ற ஊரில் மாடு நின்றால் என்ன என்று நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

மாட் என்பது ஒன்றும் புதிதல்ல. கேமை விற்றவர் செய்யாமல் விட்டதை, வாங்கியவர் தானே செய்து ஒட்டிக்கொள்வது. 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ‘வைஸ் சிட்டி’ கேமில் எம்பி3 என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் நமக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் காரின் ரேடியோவில் ஒலிக்கும். பவர் ஹவுஸ் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மியாமி மாதிரியான ஊரில் இளையராஜாவைக் கேட்டபடி கார் ஓட்டிய தலைமுறை எங்களுடையது. அதே சென்டரில் பையன்கள் மாய்ந்து மாய்ந்து சுட்டுக்கொண்ட ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ 1999-இல் ‘ஹாஃப் லைஃப்’ என்ற கேமுக்கு இரண்டு பேர் போட்ட ஒட்டுதான். துணியைவிட ஒட்டு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு ஒட்டு என்றால் கையாலேயே போடலாம். முந்நூறு, நானூறு என்று போகும்போது கணக்குப்பிள்ளை வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளை மென்பொருளுக்குப் பெயர் மாட் மேனேஜர். கணக்குப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்தால் தெளிய வைக்கிறவர்தான் நம் மூன்றாவது மாடிக்காரர். இப்படி ஒருவர் இப்போது அநேகமாக எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார். வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில். பகலில் ஏதோ ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. இரவில் அதையே சம்பளமில்லாமல் செய்வார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். “என்ன ஆச்சு?” என்று கேட்கமாட்டார். “கடைசியா என்னத்தை மாத்தின?” என்பார். நோயாளி, “ஒண்ணுமே மாத்தல அண்ணா” என்பான். சர்க்கரைக்காரர் டாக்டரிடம் ஸ்வீட் பக்கமே போறதில்லை என்பாரே, அதே சத்தியம். மேனேஜர் லேசாகத் தலையாட்டுவார். அந்த ஆட்டலிலேயே பையன் ஜாங்கிரி எல்லாவற்றையும் கக்கிவிடுவான்.

முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது ராத்திரி ஒன்பதரை மணிக்கு. லுங்கி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பென் டிரைவ். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. திரையைப் பார்த்தபடி நின்றார். மகன் தள்ளுபடியில் ‘ஸ்கைரிம்’ வாங்கியிருந்தான். வோர்டெக்ஸ் என்ற மாட் மேனேஜரையும் போட்டிருந்தான். ஆனால் ஒரு மாட்கூட கேமுக்குள் போய்ச் சேரவில்லை.

“கேம் எந்த டிரைவ்ல இருக்கு?”

“டி டிரைவ் அண்ணா.”

அம்மா உள்ளிருந்து, “இருக்கு தம்பி, இதோ போடறேன்” என்றாள்.

“ஸ்டேஜிங் ஃபோல்டர்?”

“அப்படின்னா?”

மேனேஜர் கண்களை மூடித் திறந்தார். அது கோபமில்லை. பாடம் எடுக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை ருசிப்பது.

“உங்க கேட்ல என்ன போட்டிருக்கு சார்?” என்று திடீரென்று என்னைக் கேட்டார்.

“பழைய எண், புதிய எண், ரெண்டும் போட்டிருக்கு.”

“எத்தனை வீடு?”

“ஒரே வீடுதான்.”

“அதுதான் சார் ஹார்டு லிங்க். வோர்டெக்ஸ் மாட் ஃபைலை காப்பி அடிக்காது. தன்னோட ஸ்டேஜிங் ஃபோல்டர்ல இருக்கிற அதே ஃபைலுக்கு, கேம் ஃபோல்டர்ல இன்னொரு நம்பர் போடும். ஃபைல் ஒண்ணு, விலாசம் ரெண்டு. ஆனா கார்ப்பரேஷன்காரன் இந்த வீட்டுக்குப் புது நம்பரை இந்தத் தெருவுலதான் போடுவான். மாம்பலத்துல போய்ப் போடுவானா? உன் கேம் டி டிரைவ். ஸ்டேஜிங் தானா போய் சி டிரைவ்ல உக்காந்திருக்கு. தெருவே வேற.”

சென்னையில் எத்தனையோ கூரியர் பையன்களை அழவைத்த பழைய எண், புதிய எண் விவகாரம் ஒரு விஷயத்தை விளக்கப் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன். செட்டிங்ஸில் ஸ்டேஜிங் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றினார். நாலு நிமிஷம். டி டிரைவைக் கேட்டதற்கு வந்த டீ ஆறுவதற்குள் மாட்கள் கேமுக்குள் போய்ச் சேர்ந்தன.

இந்த வகையினருக்குள் வடகலை தென்கலை உண்டு. வோர்டெக்ஸ்காரர்கள் ஒரு பக்கம், மாட் ஆர்கனைசர்காரர்கள் மறு பக்கம். நம்மவர் வைத்தியம் இரண்டுக்கும் பார்ப்பார், ஆனால் நெற்றியில் இட்டுக்கொண்டிருப்பது மாட் ஆர்கனைசர். அது கேம் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. கேம் ஓடுகிற நேரத்துக்கு மட்டும், எல்லா மாடும் உள்ளே இருப்பதுபோல் ஒரு தோற்றத்தைக் காட்டும். கேமை மூடினால் ஃபோல்டர் பழையபடி காலி. இதைக் கோடம்பாக்கத்துக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். ஆற்காடு ரோட்டு ஸ்டுடியோக்களில் முன்பக்கம் மட்டும் நிற்கிற அரண்மனைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கேமரா ஓடுகிறவரை அரண்மனை, நின்றால் பிளைவுட். ஆனால் கேமை மாட் ஆர்கனைசர் வழியாகத்தான் திறக்க வேண்டும். பழக்கதோஷத்தில், கேமை வாங்கிய ஸ்டீமில் நேராகத் திறந்துவிட்டு, “எல்லா மாடும் போச்சு அண்ணா!” என்று அலறுகிறவர்கள்தான் அவரிடம் வரும் கேஸ்களில் பாதி. ஷூட்டிங் இல்லாத நாளில் செட்டைப் பார்க்கப் போனவர்கள்.

இதில் ஒரு தமாஷ். மாட் ஆர்கனைசரை எழுதியவரையே பிறகு வோர்டெக்ஸை எழுத, மாட்களுக்கான இணையதளமான நெக்ஸஸ் மாட்ஸ் அழைத்துக்கொண்டது. அவர் வைத்துக்கொண்ட பெயர் டானின். டீயைத் துவர்க்க வைக்கிற அதே டானின்தான். இவ்வளவு டீ செலவாகும் என்று முன்னமே தெரிந்திருக்கும் போல.

அடுத்தது லோடு ஆர்டர். மேனேஜர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும். இரண்டு மாட்கள் ஒரே சமாச்சாரத்தைத் தொட்டால் கடைசியில் வருபவர் சொல்வதே நிற்கும். டப்பிங்கில் முதலில் ஒருவர் பேசுவார், பிறகு இன்னொருவர் பேசுவார், கடைசியாகப் பதிவான குரல்தான் தியேட்டரில் கேட்கும். அதே நியாயம். வரிசையைச் சரிபார்க்க லூட் என்று ஒரு கருவி இருக்கிறது. பெயர்தான் அப்படி, எதையும் கொள்ளையடிக்காது. யார் முன்னால், யார் பின்னால் என்று அடுக்கிவைக்கும். கல்யாணப் பந்தியில் சம்பந்தியை எந்த இலையில் உட்காரவைப்பது என்று தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பாரே, அவர் வேலை. ஆனாலும் முழுதாக நம்ப முடியாது. ஒரு முறை என் மகனின் ஸ்கைரிமில் ஊர்ப்பெண்கள் அத்தனை பேருக்கும் கழுத்துக்குக் கீழே சிவப்பு, மேலே அட்டைக் கறுப்பு. மேனேஜர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “தலை ஒரு மாட்ல இருந்து வருது, மேக்கப் இன்னொரு மாட்ல இருந்து வருது.” நான் எத்தனையோ தமிழ்ப் படங்களில் பார்த்த வியாதிதான், காரணம் அன்றுதான் புரிந்தது.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பல மாட்கள் பிளக்‌இன் என்ற ஃபைலாகத்தான் கேமுக்குள் வரும். ஒவ்வொரு பிளக்‌இன்னுக்கும் கேம் தரும் இடம் இரண்டு இலக்கம்தான். பதினாறின் கணக்கில் அது 256 ஆகும். அதில் இரண்டை கேமே எடுத்துக்கொள்ள, மிச்சம் 254. பிறகு லைட் பிளக்‌இன் என்று ஒரு ஜாதி வந்தது. அவை ஒரே ஒரு இடத்தில் 4,096 வரை ஒண்டிக்கொள்ளும். “254 சீட்டு, 4,096 ஃபுட்போர்டு” என்பது மேனேஜரின் விளக்கம். வடபழனி போகும் 12பி பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு ஏறிப் பார்த்தவர்களுக்கு இது ஒரு எண்ணிக்கையே இல்லை.

அவர் வாழ்க்கையில் ஒரு கறுப்பு நாள் உண்டு. ஸ்கைரிம் வெளியானது 11-11-2011. பத்தாண்டு நிறைவு என்று 11-11-2021 அன்று புதுப் பதிப்பு விட்டார்கள். அதே நாள் மாலைதான் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. தி.நகர், கோடம்பாக்கமெல்லாம் தண்ணீர். நாங்கள் ஸ்கூட்டர்களைத் தூக்கித் திண்ணையில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மேனேஜர் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்: “ஆட்டோவை நிறுத்து! முதல்ல ஆட்டோவை நிறுத்து!” எங்கள் வாட்ச்மேன் நல்ல மனிதர். யாருக்கோ பிரசவ வலி என்று நினைத்து, முழங்கால் தண்ணீரில் ரங்கராஜபுரம் வரை நடந்து போய் ஒரு ஆட்டோவைக் கையோடு பிடித்துவந்துவிட்டார்.

மேனேஜர் நிறுத்தச் சொன்னது ஆட்டோ அப்டேட்டை. பெரிய மாட்கள் பலவும் எஸ்.கே.எஸ்.இ. என்ற ஒரு துணைக் கருவியின் தோளில் ஏறி நிற்பவை. அந்தக் கருவி கேமின் வயிற்றுக்குள் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று விலாசம் தெரிந்து போய்த் தட்டும். 1.5.97 என்ற பதிப்பு வரைக்கும் எல்லாம் நெட்டுருவான விலாசங்கள். அன்று 1.6 வந்தது. ஒரே ராத்திரியில் எல்லாத் தெருவுக்கும் புது எண். பழைய விலாசத்தில் தட்டிய மாட் எல்லாம் அநாதையாக நின்றன. அன்றிரவு எங்கள் தெருவில் கரன்ட் போனபோது அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். கரன்ட் இல்லாததால் அவருடைய கேம் அப்டேட் ஆகவில்லை. ஆட்டோக்காரருக்கு நூறு ரூபாய் கொடுத்தனுப்பியதும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை தெரிந்தவர் கேமை எவ்வளவு தூரம் விளையாடியிருப்பார்? என் மகன் ஒருநாள் கேட்டேவிட்டான்.

“மெயின் ஸ்டோரியா?” என்றார் மேனேஜர், யாரோ சம்பளத்தைக் கேட்டதுபோல. “இன்னும் செட்டப் முடியல.”

ஸ்கைரிம் ஒரு வண்டிப் பயணத்தில் ஆரம்பிக்கிறது. கை கட்டப்பட்ட கைதியாக நம்மைக் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். புதிதாக ஒரு மாட் போட்டால் முதலிலிருந்து ஆரம்பித்துப் பார்ப்பது அவர் ஆசாரம். பழுதைத் தேடுவதென்றால் பாதி மாட்களை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும். சரியாக ஓடினால் குற்றவாளி அணைத்த பாதியில். அதிலும் பாதி, பிறகு அதிலும் பாதி. நானூறு மாட்களில் ஒருவனைப் பிடிக்க ஒன்பது தடவை போதும். கணக்கு அழகுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் அந்த வண்டியில் போய்த்தான் ஆக வேண்டும். பத்து வருஷத்துக்கும் மேலாகக் கைகட்டிய நிலையில் போய்க்கொண்டிருக்கிறார். சில சமயம் திரையின் வேகம் கூடிப்போய் வண்டி அந்தரத்தில் பல்டி அடிக்கும். கேமை உருவாக்கும்போது அந்த வண்டியை ஒரு தேனீ மறித்து வானத்துக்கு அனுப்பிய கதையை, அதில் வேலை பார்த்த நேட் பர்கிபைல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு அந்தத் தேனீ மேல் மரியாதை அதிகம். “ஒரு ‘பக்’கு இவ்வளவு சாதிக்குது பாருங்க சார்.”

நான் சிரிக்கவில்லை. கோடம்பாக்கத்தில் இருபது வருஷமாக ஸ்கிரிப்டை மெருகேற்றிக்கொண்டிருக்கும் உதவி இயக்குநர்களோடு ஒரே டீக்கடையில் நின்றிருக்கிறேன். அவர்கள் யாரும் படம் எடுக்கவில்லை என்று நாங்கள் நினைத்ததே கிடையாது. இன்னும் ஷூட்டிங் போகவில்லை, அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் வரவேண்டிய ‘ஃபால்அவுட் லண்டன்’ என்ற மாபெரும் மாட், ‘ஃபால்அவுட் 4’-க்கு அதே மாதம் வந்த அப்டேட்டால் ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்தச் செய்தி வந்த அன்று மேனேஜர் டீக்கடையில் பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் விஷயம் என்னவென்றுகூடக் கேட்காமல், “ரிலீஸ் தள்ளிப் போச்சா தலைவா?” என்று தோளில் கை போட்டார்.

போன ஞாயிறு அம்மா முடிவாகக் கேட்டுவிட்டாள். “தம்பி, எல்லாரும் சொல்றாங்க, ஒரு நாளாவது அந்த மாட்டைக் கண்ணுல காட்டு.”

மேனேஜர் மறுத்துப் பேசவில்லை. மகனின் கம்ப்யூட்டர் முன்னால் முதல் தடவையாக உட்கார்ந்தார். கேமுக்குள் எங்கெங்கோ நடந்து, பனிமலையைச் சுற்றி, ஒரு கிராமத்து வேலியோரம் நிறுத்தினார். நிஜமாகவே ஒரு மாடு நின்றது. சடை தொங்கும் கொழுத்த மாடு. கொம்பு முதல் குளம்பு வரை கத்திரிப்பூக் கலர்.

“ஏன்டா இந்த நிறத்துல இருக்கு?” என்றாள் அம்மா.

“பாட்டி, மாட்டுக்குப் புது மாட் போட்டிருக்கான் உங்க பேரன். உடம்பு மட்டும் இறங்கியிருக்கு, தோல் இறங்கல.” மகன் தலையைக் குனிந்தான். விட்டுப்போன ஃபைலை இறக்கி, டிப்ளாய் பண்ணித் திரும்பிக் காட்டினார். செவலை மாடு, கண்ணில் ஈரம்கூட இருந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். “நல்லா வளத்திருக்கே தம்பி. கன்னுக்குட்டி எங்க?”

மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்தார். “தேடிப் பாக்கறேன் பாட்டி” என்று பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவர், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். ராத்திரி ஒரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் மகனின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலையில் கேம் திறக்கவில்லை.